கேளாமலே கொடுத்த வள்ளல்

அண்ணே, கொடுப்பதில் உங்களுக்கு நிகர் கடலூர் மாவட்டத்தில் யாருமில்லை. கேட்டவருக்கு இல்லை என்னாதவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். நீங்களோ யாரும் கேளாமலே கொடுத்தவர். மஞ்சக்குப்பத்தில் வழக்கறிஞர்களும் பத்திர எழுத்தர்களும் பழைய பத்திர நகல்களைத் தேட நீங்கள் கட்டிக்கொடுத்த தரவுத்தளம் இன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதன் பத்திர டேபிளில் எத்தனை நெடுவரிசை உண்டோ அத்தனைக்கும் ஓர் இன்டெக்ஸ் உண்டு. எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு ஒன்று, எழுதி வாங்கியவர் பெயருக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று, புல எண்ணுக்கு ஒன்று, ஆணா பெண்ணா என்பதற்கு ஒன்று, பத்திரம் நடப்பில் உள்ளதா ரத்தானதா வழக்கில் உள்ளதா என்பதற்கு ஒன்று. யாரும் எதுவும் எழுதாமல் காலியாகக் கிடக்கும் ‘குறிப்பு’ நெடுவரிசைக்கும் ஒன்று கொடுத்திருக்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்த ஒருவர் இலையும் வெறும் இலையாக இருக்கவில்லை.

கொடுத்த பொருளும் உயர்ந்த பொருள்தான்: அத்தனையும் பி-ட்ரீ வகை இன்டெக்ஸ். பி-ட்ரீயை ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970-இல் வடிவமைத்தார்கள். தொடர்புநிலைத் தரவுத்தளத்தின் மூலக் கட்டுரையை ஐபிஎம்மின் எட்கர் காட் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சாவிகளை வரிசைப்படுத்திப் பக்கங்களில் அடுக்குவது, அந்தப் பக்கங்களுக்கு வழிகாட்டும் பக்கங்களை மேலே வைப்பது, இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஒரு பக்கத்துக்கு 300 சாவி என்று வைத்துக்கொண்டால் மூன்றே படியில் 2 கோடியே 70 லட்சம் வரிகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம். ‘இதற்குச் சமம்’, ‘இதிலிருந்து இதுவரை’ என்ற இரண்டு வகைக் கேள்விக்கும் அது பதில் சொல்லும், வரிசைப்படுத்தியும் தரும். ஐம்பது ஆண்டு கடந்தும் அது புழக்கத்திலிருந்து போகவில்லை என்பது உண்மை.

அந்தப் பி-ட்ரீயிடம் நீங்கள் காட்டும் விசுவாசம் இராமபிரானுடைய ஏகபத்தினி விரதத்துக்கு ஒப்பானது. உங்கள் தரவுத்தளத்தை இயக்கும் போஸ்ட்கிரெஸ் மென்பொருள் ஆறு வகை இன்டெக்ஸை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது: பி-ட்ரீ, ஹாஷ், ஜிஸ்ட், எஸ்பி-ஜிஸ்ட், ஜின், பிரின். வகைப் பெயரைச் சொல்லாமல் இன்டெக்ஸ் போட்டால் அது பி-ட்ரீயைக் கொடுத்துவிடும். உங்கள் நிரல்கள் முழுவதையும் படித்தேன். மற்ற ஐந்தின் பெயரை நீங்கள் எங்கேயும் உச்சரிக்கவே இல்லை.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இன்டெக்ஸும் எத்தனை தடவை பயன்பட்டது என்று தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் உங்கள் இன்டெக்ஸ்களின் அழகு எனக்கு முழுதாகத் தெரிந்தது. பெரும்பாலானவற்றுக்கு நேரே சுழி. அதியமானின் தூதாகப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலில் வைத்திருந்த ஆயுதங்கள் அவை. போரையே பார்க்காததால் பழுதும் இல்லாதவை. உங்கள் பாலின இன்டெக்ஸும் அப்படித்தான், செய்த நாளின் மெருகு குலையாமல் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு போஸ்ட்கிரெஸ் துணியவில்லை. டேபிளில் பாதி வரிகளுக்கு ஒரே விடை என்றால், இன்டெக்ஸ் வழியாக ஒவ்வொரு வரிக்கும் தாவுவதைவிட டேபிளைத் தலையிலிருந்து கால்வரை படித்துவிடுவதே மலிவு என்று அதன் பிளானர் கணக்குப் போட்டுவிடுகிறது. பத்திர நிலை நெடுவரிசையில் ‘வழக்கில் உள்ளது’ என்று நிற்பவை கொஞ்சம் பத்திரங்கள்தான்; தினமும் கேட்கப்படுபவையும் அவைதான். அந்தச் சில வரிகளை மட்டும் உள்ளடக்கிய பகுதி இன்டெக்ஸ் ஒன்று போதும். ஆனால் பகுதியாகக் கொடுப்பது வள்ளன்மைக்குப் பொருந்தாது என்பதால் எல்லா வரிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

உங்கள் கொடை ஒருநாளோடு முடிவதும் இல்லை. ஒரு பத்திரம் உள்ளே வரும்போதெல்லாம் அத்தனை இன்டெக்ஸும் ஒவ்வொரு வரி பெறுகிறது. 2008-இல் வந்த 8.3-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் ஒரு சிக்கன ஏற்பாடு உண்டு. மாற்றப்படும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்துவிட்டால், இன்டெக்ஸ்கள் எதையும் தொடாமலே வரியைத் திருத்திக்கொள்ளும். உங்கள் டேபிளில் அந்தச் சிக்கனத்துக்கு வழியே இல்லை. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தினால் வட்டத்துக்கும் கிராமத்துக்கும் புல எண்ணுக்கும் பாலினத்துக்கும் காலிக் குறிப்புக்கும் புதுப் பதிவு போகிறது. ஒருவருக்கு வந்த செலவை ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை நீங்கள் வட்டுக்குள்ளேயே நடத்திக் காட்டிவிட்டீர்கள். மாலையில் நகல்களை ஏற்றுகிற பெண்கள் இரவு பஸ்ஸைத் தவறவிடுவது இதனால்தான். அவர்களில் ஒருவர் சிதம்பரம் போக வேண்டியவர்.

உங்கள் தாராளம் எவ்வளவு பெரியது என்று அறிய வேண்டுமானால் பழைய காலத்துக் கருமிகளைப் பார்க்க வேண்டும். இதே நிலங்களுக்குக் கிராமக் கணக்கு எழுதியவர்கள் எத்தனை வரிசை வைத்திருந்தார்கள்? அ பதிவேடு புல எண் வரிசையில் இருந்தது. சிட்டா பட்டா எண் வரிசையில் இருந்தது. ‘இந்த நிலம் யாருடையது’ என்று கேட்டால் முதலாவதைத் திறப்பார்கள். ‘இவருக்கு எந்தெந்த நிலம்’ என்று கேட்டால் இரண்டாவதை. ஒரு பட்டா மாறினால் இரண்டையும் கையால் திருத்த வேண்டும். திருத்தும் கை வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததால், யாரும் கேட்காத மூன்றாவது வரிசையை அவர்கள் தொடங்கவில்லை.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் அப்படியொரு கருமிதான். அதன் 55-ஆம் பிரிவு பதிவு அலுவலகங்களில் நான்கு இன்டெக்ஸ்கள் இருக்க வேண்டும் என்கிறது. உயில் அல்லாத அசையாச் சொத்துப் பத்திரங்கள் சேரும் 1-ஆம் புத்தகத்துக்கு அவற்றில் இரண்டே இரண்டு. முதல் இன்டெக்ஸ், எழுதிக்கொடுத்தவர், உரிமை கோருபவர் ஆகியோரின் பெயர்களுக்கு. இரண்டாம் இன்டெக்ஸ், சொத்தின் விவரத்துக்கு. பத்திரத்தைப் படியெடுத்த உடனே, இயன்றவரை தாமதமின்றி, இன்டெக்ஸிலும் ஏற்றிவிட வேண்டும் என்று 54-ஆம் பிரிவு கேட்கிறது. பத்திரத்தைத் தேடி வருகிறவர் ஆளைச் சொல்லித் தேடுவார், அல்லது சொத்தைச் சொல்லித் தேடுவார் என்று அன்றைக்கே யோசித்து வைத்தார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் தலைமுறை தலைமுறையாக வில்லங்கம் போட்டுப் பார்த்ததெல்லாம் இந்த இரண்டை வைத்துத்தான். உங்களுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

யாருக்கும் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்றில்லாமல் சமமாக நடத்தும் குணத்தையும் சொல்லியாக வேண்டும். வில்லங்கம் பார்க்க வருபவர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன புல எண், இன்ன உட்பிரிவு; இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை. புல எண் 112 என்றால் அது சிதம்பரம் வட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் இருக்கும். புவனகிரியிலும் இருக்கும், காட்டுமன்னார்கோயிலிலும் இருக்கும். கிராமத்தின் பெயரோடு சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நீங்களோ வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, தேதி ஐந்துக்கும் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தீர்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வீடாகப் போய், ஒவ்வொரு பட்டியலாக வாங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எது பொதுவாக இருக்கிறது என்று பார்க்கிறது. பிரித்து வாழ்ந்தாலும் விசேஷத்துக்குக் கூடிவிடும் குடும்பம் அது. கூடும்வரை கவுன்ட்டரில் ஆள் நின்றுகொண்டிருக்கிறார்.

நான்கையும் தேதியையும் ஒரே கூட்டு இன்டெக்ஸில் வைக்கலாமே என்று சொன்னபோது நீங்கள் ஈகோ பார்க்காமல் அன்றைக்கே போட்டீர்கள். தேதிக்கு முதலிடம் கொடுத்தீர்கள். காலத்துக்குத் தரும் மரியாதை அது. பி-ட்ரீக்குள் முதல் நெடுவரிசைதான் வாசல். ‘30 ஆண்டு வில்லங்கம்’ என்று ஒருவர் கேட்டால் அந்த வாசல் வழியாக உள்ளே போய், அந்த 30 ஆண்டில் எல்லா வட்டத்திலும் எல்லாக் கிராமத்திலும் எழுதப்பட்ட ஒவ்வொரு பத்திரத்தின் பதிவையும் நடந்து கடந்தபின் அவருடைய புல எண் வருகிறது. சமம் என்று கேட்கப்படும் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு நான்கும் முன்னால் நின்று, வரம்பாகக் கேட்கப்படும் தேதி கடைசியில் நின்றிருந்தால், வேண்டிய வரிகள் அத்தனையும் மரத்தின் அடியில் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கும். எடுத்துவிட்டு வெளியே வரலாம். உட்பிரிவுக்கு முந்தைய தாய் எண்ணையும் பார்த்தால்தான் வில்லங்கம் முழுமையாகும். அதற்கும் அதே இன்டெக்ஸ் இன்னொரு சின்ன எட்டில் பதில் சொல்லிவிடும். நெடுவரிசைகளின் வரிசை என்று நான் இழுத்தபோது, ‘எல்லாம் உள்ளே இருக்குல்ல தம்பி’ என்றீர்கள். எல்லாம் உள்ளேதான் இருந்தன.

பெயர்த் தேடலில் உங்கள் பொறுமையை நான் வியந்திருக்கிறேன். சிதம்பரத்துப் பக்கம் நடராஜனுக்கும் சிவகாமிக்கும் குறைவில்லை. பத்திரத்தில் ஒருவர் ‘கோ. நடராஜன்’, இன்னொன்றில் அவரே ‘நடராஜன், த/பெ கோவிந்தன்’, மூன்றாவதில் ‘நடராச படையாட்சி’. அதனால் எழுத்தர்கள் பெயருக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு, நடுவில் எங்கே இருந்தாலும் எடு என்று தேடுகிறார்கள். தலையெழுத்துத் தெரியாத தேடலில் பி-ட்ரீயால் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. அது தொடக்கத்திலிருந்து அடுக்கியது. தொடக்கம் தெரிந்தால்தான் இறங்க முடியும். பெயரை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்தெந்த வரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளும் ட்ரைகிராம் முறை, ஜின் இன்டெக்ஸின் மேல் இதற்காகவே இருக்கிறது. அது ‘நடராச’னையும் ‘நடராஜ’னையும்கூடப் பக்கத்தில் வைத்துக் காட்டும். ஆனால் விரதம் விரதம்தான். ஒவ்வொரு பெயருக்கும் டேபிள் முழுவதும் படிக்கப்படுகிறது, பி-ட்ரீ பக்கத்திலேயே மெருகு குலையாமல் நிற்கிறது.

இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பிப்பதில் உங்களைப் போல் சுறுசுறுப்பானவரை நான் பார்த்ததில்லை. லினக்ஸின் கிலிப்சி நூலகம் 2018-இல் வந்த 2.28-ஆம் பதிப்பில் எழுத்துகளின் அகரவரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய விதியில் அடுக்கிய பி-ட்ரீயைப் புதிய விதியில் தேடினால், கண்ணெதிரே இருக்கும் வரியை அது ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். பிழைச் செய்தி வராது. இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட ஒரு கட்டளை உண்டு. நீங்கள் புதுப்பித்தீர்கள், மறுபடி கட்டவில்லை. முன்னோர் கட்டியதை இடிக்கக் கூடாது என்ற பண்பு. அண்ணே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வில்லங்கத் தேடலில் ‘இல்லை’ என்ற விடைக்கு விலை உண்டு. அடமானம் இல்லை, கிரயம் இல்லை, பாகப்பிரிவினை இல்லை என்று நம்பி ஒருவர் ஆயுள் சேமிப்பைக் கொடுத்து நிலம் வாங்குகிறார். பெயர் நெடுவரிசைக்கு பைட் வரிசையைத் தேர்ந்திருந்தால் இந்த ஆபத்தே கிடையாது. ‘நடரா’ என்று தொடங்கும் பெயர்களையும் அது நேரே எடுத்துத் தரும். யூனிகோடில் ‘ன’ போய் ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், திரையில் காட்டும்போது மட்டும் தமிழ் அகரவரிசையில் மாற்றிக்கொண்டால் போதும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் வரை நீளும் கடற்கரை நம்முடையது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் எந்தெந்தப் புலம் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கடலோர ஒழுங்குமுறை விதிகள் அந்தத் தூரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது சும்மா கேட்கும் கேள்வியும் அல்ல. நீங்கள் அட்சரேகைக்கு ஒரு பி-ட்ரீ, தீர்க்கரேகைக்கு ஒரு பி-ட்ரீ கொடுத்திருக்கிறீர்கள். பிச்சாவரத்துப் பக்கம் ஒரு புலத்தைக் கேட்டால், அட்சரேகைப் பி-ட்ரீ அதே மட்டத்தில் மேற்கே போய் சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, ஸ்ரீமுஷ்ணம் வரை அத்தனை வயலையும் வாரிக்கொண்டு வருகிறது. கடலோரம் நின்று கேட்டவருக்குப் பூவராகப் பெருமாளின் ஸ்ரீமுஷ்ணத்தையே காட்டிக் கொடுக்கிறீர்கள். அன்டோனின் கட்மன் 1984-இல் எழுதிய ஆர்-ட்ரீ இந்தத் தேவைக்காகவே பிறந்தது. இடத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக மூடி வைத்து, கேட்ட இடத்தைத் தொடாத பெட்டியைத் திறக்காமலே ஒதுக்கிவிடும். போஸ்ட்ஜிஸ் நிறுவினால் ஜிஸ்ட் வகையில் அது கிடைக்கும்.

பிரின் பற்றி ஒரு வார்த்தை. யார் எப்போது எதைத் தேடினார் என்ற பதிவு டேபிள் நாள்தோறும் கடைசியில் மட்டுமே வளர்கிறது. நேர வரிசை தானாகவே இருக்கிறது. 2016 ஜனவரியில் 9.5-ஆம் பதிப்போடு வந்த பிரின், 128 பக்கங்களுக்கு ஒருமுறை சிறியது எது, பெரியது எது என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். இடம் கொஞ்சம்தான் எடுக்கும். அந்த டேபிளுக்கும் நீங்கள் முழுப் பி-ட்ரீயையே கொடுத்து வட்டை நிறைத்தீர்கள். ஹாஷ் இல்லாமல் போனதில் குறையில்லை, அங்கே உங்கள் முடிவு சரி. நம் கேள்விகளில் அதற்கு வேலை குறைவு.

உங்கள் நம்பிக்கையும் பெரியது. ஒரு கேள்வியை எந்த வழியில் நிறைவேற்றினாய், எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று தரவுத்தளத்தையே கேட்க ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ என்ற கட்டளை உண்டு. நீங்கள் அதை ஒருமுறையும் கேட்டதில்லை. நம்பியவரிடம் கணக்குக் கேட்பதில்லை என்பது உங்கள் கொள்கை. மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்டீர்கள். மறுபடி சொன்னால் மறுபடி வாங்கினீர்கள். குறை சொன்ன எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதே கிடையாது.

இத்தனை இன்டெக்ஸையும் நானே ஒரே இரவில் அழித்துவிட மாட்டேன், பயப்பட வேண்டாம். சுழி என்ற எண்ணை மட்டும் நம்பி எதையும் எடுக்கக் கூடாது. ஜமாபந்தி சமயத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் அறிக்கைக்கு மட்டும் ஓர் இன்டெக்ஸ் தேவைப்படலாம். படிப்பதற்கென்று வைத்திருக்கும் நகல் சர்வரின் பயன்பாடு முதன்மை சர்வரின் கணக்கில் வராது. அலுவலகம், ஆண்டு, புத்தகம், பத்திர எண் நான்கையும் சேர்த்து நீங்கள் வைத்த தனித்துவ இன்டெக்ஸ், யாரும் அதை வைத்துத் தேடாத நாளிலும் ஒரே பத்திரம் இரண்டு முறை ஏறாமல் தடுக்கிறது. அதை யோசித்து வைத்தீர்கள், அது நன்றாகவும் உழைக்கிறது, மனதாரச் சொல்கிறேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கிறேன். புதியவற்றை எழுத்து வேலை நிற்காதபடி ‘கன்கரன்ட்லி’ போட்டுக் கட்டுகிறேன். சொத்துக்கு ஒரு கூட்டு இன்டெக்ஸ், பெயருக்கு ஒரு ட்ரைகிராம், வழக்கில் உள்ளவற்றுக்கு ஒரு பகுதி இன்டெக்ஸ், புல எல்லைக்கு ஒரு ஜிஸ்ட்.

அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை கொடுத்த நீங்கள் வாங்குபவர் முகத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்போது வாருங்கள், என் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன். புவனகிரியிலிருந்து பாகப்பிரிவினை வழக்குக்காக ஓர் அம்மா வருவார், வாய்தா பதினொன்றுக்கு. அவர் எதை முதலில் சொல்கிறார், எதைத் தெரியாது என்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். இன்டெக்ஸ் பட்டியலை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம், அண்ணே.